கை எட்டாத இடம்

நான் வேலை செய்யும் உணவகம் மேற்குப் பிரான்சின் லா றொஷெல் நகரில், பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கோப்பை கழுவுபவனாகச் சேர்ந்து, பிறகு மரக்கறி வெட்டுபவனாகி, இப்போது மீன் பகுதியைப் பார்க்கிறேன். திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அன்றைக்கு நித்திரை கொள்வேன், அல்லது நூலகத்துக்குப் போவேன். சென்ற வருடம் பங்குனி மாதத்தில் மூன்று திங்கட்கிழமைகளை ஒரு படகின் வயிற்றுக்குள் கழித்தேன். அங்கே எனக்கு எழுந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என் பத்ரோனிடம் ஒரு பழைய பாய்ப்படகு இருக்கிறது. 1974இல் கட்டியது, 31 அடி நீளம். உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முந்திய கோடையில் அவர் ஒலெறோன் தீவிலிருந்து திரும்பி வருகையில், நடுக்கடலில் நிற்கும் புவாயார் கோட்டையைத் தாண்டியதும் எஞ்சின் கொதித்துவிட்டது. புகைக்குழாயால் தண்ணீர் வரவில்லை, நீராவிதான் வந்தது. காற்று இருந்தபடியால் பாயை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். துறைமுக வாசலில் இன்னொருவர் கட்டி இழுக்க வேண்டியிருந்தது.

"நீ மெலிந்த ஆள். பொறியியலும் படித்திருக்கிறாய். ஒருக்கால் இறங்கிப் பார்க்கிறாயா?" என்று கேட்டார்.

பேராதனையில் என் பொறியியல் படிப்பு இரண்டாம் வருடத்தோடு, 2009இல் நின்றுபோனது. படித்ததை விட அப்பாவுக்குப் பக்கத்திலிருந்து பழகியதுதான் அதிகம். அவர் கடற்தொழிலாளரின் எஞ்சின்களைத் திருத்துபவர். மயிலிட்டியில் தொடங்கி, 1990 ஆனியில் நாங்கள் இடம்பெயர்ந்த பிறகு பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு தென்னோலைக் கொட்டிலில் தொடர்ந்தார். சரியென்று சொன்னேன்.

கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்முக்குள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஒரு றப்பர்ச் சக்கரம் இருக்கிறது. பிரெஞ்சில் துர்பீன் என்பார்கள். எங்கள் படகில் அதற்கு ஆறு இதழ்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டிய பொருள். பெரிய விலையும் இல்லை. அதை அவர் ஏழு வருடமாகப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பது இறங்கியதும் விளங்கியது. அறைக்கு இறங்கும் படியைக் கழற்றினால் எஞ்சினின் முன்பக்கம் தெரியும். பெல்ற்றைத் தொடலாம், எண்ணெய் அளவைப் பார்க்கலாம். பம்மோ பின்பக்கத்து மூலையில். அதற்குப் போக மேல்தட்டிலுள்ள சாமான் பெட்டியைத் திறந்து, கயிறுகள், வாளிகள், படகின் பக்கங்களில் தொங்கவிடும் காற்றுப் பைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தலைகீழாக இறங்க வேண்டும். விலா எலும்பு ஒரு பலகை விளிம்பில் அழுந்தும். ஒரு கைதான் உள்ளே போகும். மற்றக் கையில் ரோச் லைற் பிடிக்கலாம், ஆனால் பிடித்தால் கை போகும் இடம் தெரியாது. தவறி விழும் ஆணி படகின் அடிவயிற்றுக்குப் போய்விடும். அந்தச் சக்கரத்தைக் கழற்றி எடுக்க எனக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது.

ஆறு இதழ்களில் இரண்டைக் காணவில்லை. இப்படி உடைந்த துண்டு எங்கும் தொலைந்துபோவதில்லை. தண்ணீரோடு போய் அடுத்த ஒடுக்கமான இடத்தில் சிக்கி நிற்கும். புதிய சக்கரத்தைப் பூட்டிவிட்டு இதை மறந்தால் கொஞ்ச நாளில் எஞ்சின் மறுபடியும் கொதிக்கும். ஒன்றை வெப்பமாற்றியின் வாயிலிலும் மற்றதைக் குழாயின் வளைவிலும் தேடிப் பிடித்தேன்.

முதல் நாள் எனக்கு வந்தது கோபம். இதைக் கட்டியவனுக்கு இதைத் திருத்தப் போகிறவனைப் பற்றி ஒரு நினைப்பும் இருக்கவில்லையா? பிறகு யோசித்தபோது அவன் பக்கமும் கொஞ்சம் தெரிந்தது. அந்தக் காலத்துப் பாய்ப்படகில் எஞ்சின் ஒரு துணைப்பொருள். காற்றை நம்பிப் போகிறவன் துறைமுகத்துக்குள்ளேயும் பாயிலேயே வருவான் என்று எதிர்பார்த்தார்கள். இன்றைக்கு நூற்றுக்கணக்கான படகுகள் அடுக்கி நிற்கும் துறையில் எஞ்சின் இல்லாமல் திரும்ப முடியாது. அதோடு, மேல்தட்டை உடலோடு பொருத்துவதற்கு முன்னரே எஞ்சினை இறக்கிவைத்து விடுவது அப்போது வழக்கம். திறந்த உடலுக்குள் நின்று பூட்டியவனுக்கு எல்லாப் பக்கமும் கை எட்டியது. பிறகுதான் அதன்மேல் தட்டு வந்தது, படுக்கை வந்தது, மினுக்கிய மகோகனிப் பலகை வந்தது. கட்டியவன் எஞ்சினைத் திறந்த வெளியில் பார்த்தான். நான் அதை இருட்டில் பார்க்கிறேன். ஒரு பொருளை ஆக்குகிறவனும் காக்கிறவனும் ஒரே பொருளைப் பார்ப்பதில்லை.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஏழு வருடம் பார்க்காமல் விட்டது யாருடைய பிழை?

என் பத்ரோன் சோம்பேறியல்ல. குசினியில் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையை ஒரு நாளும் தவறாமல் கொப்பியில் எழுதுகிறவர். அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டின் வடிகளைத் தன் கையாலேயே கழற்றிக் கழுவுகிறவர். ஆனால் அதே குசினியில், சுவரோடு ஒட்டி நிற்கும் பெரிய அடுப்பின் பின்பக்கத்தை ஒருவரும் கழுவுவதில்லை. அவரும் இல்லை, நானும் இல்லை. அவ்வளவு கவனமான மனிதர் ஓரிடத்தில் கவனமாகவும் இன்னோரிடத்தில் கவனமற்றும் இருக்கிறார் என்றால் வித்தியாசம் அவருடைய குணத்தில் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டும் என்று ஒருவரிடம் சொல்வதானால் அவரால் அதைச் செய்ய முடிந்திருக்க வேண்டும் என்றொரு கருத்து உண்டு. கான்ட் என்ற ஜெர்மானிய தத்துவவாதியின் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். முடியாததற்குக் கடமை கிடையாது. நியாயமான கருத்துத்தான். ஆனால் முடியும், முடியாது என்ற இரண்டுக்கும் நடுவே அகலமான ஒரு நிலம் கிடக்கிறது. முடியும், ஆனால் விலா எலும்பு நோகும். முடியும், ஆனால் ஒரு முழு நாள் போகும். முடியும், ஆனால் இறங்கினால் என்ன கிடக்குமோ என்று பயம். நாங்கள் கைவிடுகிற காரியங்களில் பெரும்பாலானவை இந்த நடுநிலத்தில்தான் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றை முடியாதவை என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. செய்யாதவனைக் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிடவும் இயலாது.

எங்களுடைய ஒழுக்க நூல்களும் மேடைப் பேச்சுகளும் இந்த நிலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவை மனவுறுதியைப் பற்றிப் பேசுகின்றன. உறுதி இருந்தால் தலைகீழாகத் தொங்கியாவது செய்வான் என்கின்றன. முதல் வருடம் செய்வான். இரண்டாம் வருடமும் செய்வான். மூன்றாம் வருடம் "போன முறை நல்லாய்த்தானே இருந்தது" என்பான். வருடா வருடம் வீரம் கேட்கிற ஒரு கடமை கொஞ்சக் காலத்தில் கைவிடப்படும். ஆகவே, "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. "இதை இவ்வளவு கடினமாக்கி வைத்தது எது? அதை மாற்றலாமா?" என்றும் கேட்க வேண்டும். கடமையைச் செய்வதற்கு முன்னால் அதற்கொரு வழியை வெட்டுவதும் கடமைதான்.

இரண்டாம் திங்கள் பத்ரோனிடம் சொன்னேன்: பின்பக்கத்துப் படுக்கையின் பக்கப் பலகையில் ஒரு கதவு வெட்டுவோம். அதற்கு நேர் பின்னால்தான் பம் இருக்கிறது.

அவர் முகம் மாறியது. பலகையைத் தடவிக்கொண்டு, "இதை ஒரு தச்சன் செய்திருக்கிறான். ஐம்பது வருடமாக ஒரு கீறல் விழவில்லை" என்றார்.

அவருடைய தயக்கத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. ஹன்னா ஆரன்ட் தன்னுடைய 'மனித நிலைமை' என்ற நூலில் (1958) உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்துப் பேசுகிறார். உழைப்பு என்பது சமைத்தல், கழுவுதல் போல முடிந்ததும் மறைந்து, நாளைக்கு மறுபடியும் தொடங்குவது. ஆக்கம் என்பது மேசை, வீடு, படகு போல எங்களுக்குப் பிறகும் நிற்கும் பொருள்களைச் செய்வது. ஆரன்ட் 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பியோடி இதே பிரான்சில் அகதியாக இருந்தவர். 1940இல் குர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டு, அடுத்த வருடம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். நிலைத்து நிற்கும் உலகத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு வெறும் புத்தக மதிப்பல்ல என்று நினைக்கிறேன். ஆனால் பொருள்களைத் துருவிலிருந்தும் உக்கலிலிருந்தும் காக்கும் நாளாந்த வேலையையும் அவர் உழைப்பின் பக்கத்தில்தான் வைக்கிறார். பதினான்கு வருடம் குசினியில் நின்றவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறை. நிலைத்து நிற்பதாக நாங்கள் நினைக்கும் எல்லாப் பொருளும் இந்த மறைந்துபோகும் உழைப்பின் முதுகில்தான் நிற்கின்றன. தச்சனுக்கு நாங்கள் செய்யும் மரியாதை அவன் பலகையைத் தொடாமல் விடுவதா, அவன் படகை மிதக்க வைத்திருப்பதா?

இப்படிச் சொன்னவுடன் எல்லாப் பலகையையும் வெட்டலாம் என்று ஆகிவிடாது. எஞ்சினுக்குப் பின்னால் இன்னொரு பலகைச் சுவர் இருந்தது. அதை வெட்டினால் வழி இன்னும் இலகு. ஆனால் அது மேல்தட்டைத் தாங்குகிற சுவர். படகின் உடலோடு கண்ணாடியிழை போட்டு ஒட்டியிருந்தது. கடல் படகை முறுக்கும்போது அந்த முறுக்கத்தை வாங்கிக்கொள்வது அது. படுக்கைப் பக்கத்துப் பலகையோ திருகாணியில் நின்றது. மறைப்புக்கு வைத்தது. தட்டிப் பார்த்தாலே சத்தம் வேறு. துறைமுகத்தில் ஒரு வயதான படகுத் தச்சரைக் கூட்டிவந்து காட்டி, அவர் சரியென்ற பிறகுதான் வாளை எடுத்தோம்.

நாற்பதுக்கு முப்பது சென்ரிமீற்றரில் ஒரு திறப்பு. மூலைகளைக் கூராக விடாமல் முதலில் வட்டமாகத் துளைத்துக்கொண்டோம். கூர்மூலையில் வெடிப்புத் தொடங்கும். வெட்டிய விளிம்புக்கு எபொக்சி பூசினோம், இல்லாவிட்டால் ஒட்டுப்பலகை தண்ணீரைக் குடித்து உக்கும். வெட்டியெடுத்த துண்டையே கதவாக்கினோம். மரத்தின் வரி முன்போலவே தொடர்ந்து போகிறது, தச்சன் கோபிக்கமாட்டான். டீசல் வடியைக் கை எட்டும் இடத்துக்கு மாற்றினோம். பழைய எண்ணெயை எடுக்க அடியிலிருந்து ஒரு குழாயை முன்னுக்குக் கொண்டுவந்தோம். உள்ளே ஒரு சிறிய விளக்கு. கதவு இறுக்கமாகப் பூட்டவும் வேண்டும், ஏனென்றால் எஞ்சின் அறை சத்தத்தையும் நெருப்பையும் புகையையும் தன்னோடு வைத்திருக்க வேண்டிய இடம். திறப்பு என்பது எப்போதும் திறந்து கிடப்பதல்ல. வேண்டியபோது திறக்கக் கூடியதாக இருப்பது.

மூன்றாம் திங்கள் பத்ரோன் தானே சக்கரத்தைக் கழற்றிப் பூட்டினார். முதலில் கடல்நீர் வால்வை மூடி, மறக்காமலிருக்க எஞ்சின் சாவியை அதன் கைபிடியில் கொழுவிவிட்டார். படுக்கையில் சரிந்து இருந்தபடி பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. "இனி வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பேன்" என்று சொன்னபோது சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். அவருடைய குணம் மூன்று வாரத்தில் திருந்திவிடவில்லை. பலகையில் ஒரு கதவு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கை எட்டும்படி செய்துவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா சொன்ன ஒன்று இதற்கு எதிராக நிற்கிறது. முன்னொரு காலத்தில் யாழ்ப்பாண நகரத்தில் வாளிக் கக்கூசுகள் இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் ஒழுங்கைப் பக்கமாக ஒரு சிறு கதவு இருக்கும். வாளி எடுக்க வருகிறவர் அதால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வழி மிக இலகு. ஆனால் அது அந்த மனிதரின் வசதிக்காக வைத்த கதவல்ல. அவர் முற்றத்தில் கால் வைக்கக்கூடாது, வீட்டார் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வைத்தது. பொருளுக்கு வழி விட்டு மனிதனை மறைத்த கதவு அது. ஆகவே கதவு இருக்கிறதா என்பதோடு, அது யாருக்காக வெட்டப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். அந்தக் குழிக்குள் முதலில் இறங்கக் கேட்கப்பட்டது நான்தான். மெலிந்தவன், வேலையாள், மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். பத்ரோன் நல்ல மனிதர். என்றாலும் இறங்குவதற்கு ஒருவன் இருக்கிறவரை கதவு வெட்டும் யோசனை அவருக்கு வரவில்லை. சாதி பார்க்கும் எங்கள் சமூகத்துக்கும் அந்த யோசனை நெடுங்காலம் வரவில்லை. இறங்குவதற்கு ஆளைப் பிறப்பிலேயே நியமித்து வைத்திருந்தோம். அதைத் தாங்கும் சுவர் என்றும் சொன்னோம், வெட்டினால் வீடு விழும் என்றோம். தட்டிப் பார்த்தால் அது மறைப்புப் பலகையின் சத்தம்தான்.

"கை எட்டாத இடத்துக்கு உப்பு எட்டும்" என்பார் அப்பா. கடற்கரையில் எஞ்சின் திருத்துகிறவனுக்கு அது அனுபவம். அதை எனக்குச் சொல்லித்தந்த மனிதருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு முற்றினால் காலில் உணர்வு குறையும். உள்ளங்காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. வயதுபோனவருக்குக் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்கவும் இயலாது. ஆகவே தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. 2019இல் அப்பாவின் உள்ளங்காலில் புண் வந்து, ஒருவரும் காணாமல் உள்ளே போய், அவரை எடுத்துவிட்டது.

நான் ஞாயிறுதோறும் ரெலிபோன் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். "சுகமோ அப்பா?" "சுகம் மோனை." "காசு வந்ததோ?" "ஓம், வந்தது." நாலு நிமிடம். என் அகதிப் பயணப் பத்திரம் பிறந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்குத்தான் செல்லும். செத்த வீட்டுக்கும் போகமுடியவில்லை. அது தாங்கும் சுவர், அதை நான் வெட்டியிருக்க முடியாது என்று பல வருடம் எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளித்தும் இருந்தேன். "காலைக் காட்டுங்கோ அப்பா" என்று கேட்பதற்கு விசா வேண்டியதில்லை. அம்மாவின் கைத்தொலைபேசியில் படம் தெரியும் வசதி இருந்தது. கேட்டால் என்ன தெரியவருமோ, தெரிந்தால் இங்கிருந்து என்ன செய்வேனோ என்ற பயத்தில், சுகமோ என்ற கேள்வியை ஒரு மினுக்கிய பலகை மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்திருந்தேன். அவரும் தன் பக்கத்திலிருந்து அதைத் துடைத்து வைத்திருந்தார். அந்தப் பலகை திருகாணியில்தான் நின்றது.

புலம்பெயர்ந்த வாழ்வில் எங்களால் எட்ட முடியாதவை பல. சிலவற்றைப் பிறர் எட்டாமலாக்கினார்கள். மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய கொஞ்ச நிலமும் 2017 ஆடியில்தான் திருப்பித் தரப்பட்டன, 27 வருடங்களுக்குப் பிறகு. எங்கள் வீடு இன்னும் கொஞ்சம் கழித்துக் கிடைத்தது. அப்பா போய்ப் பார்த்தபோது கூரை இல்லை, சுவருக்குள்ளால் ஆலமரம் வளர்ந்திருந்தது. அந்த வீட்டைப் பராமரிக்காமல் விட்டதாக அப்பாவை ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. வழியை மறித்தவர்கள்தான் பொறுப்பு. ஆனால் எட்டாமையை எல்லாம் ஒரே கணக்கில் எழுதுவது எங்களுக்குப் பழகிவிட்டது. யுத்தம், விசா, தூரம் என்று எழுதிவிட்டால் நாங்களே அடித்த பலகைகளும் அந்தக் கணக்கில் போய்விடும். எது தாங்கும் சுவர், எது மறைப்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேலை எங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அதை இன்னொருவர் எங்களுக்காகச் செய்து தரமுடியாது.

இப்போது திங்கட்கிழமைகளில் அம்மாவோடு பேசுகிறேன், அவசரமில்லாமல். சுகமோ என்று கேட்பதில்லை. முட்டைக் காட்டச் சொல்கிறேன், குளிசைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறேன். கண் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்தாயிற்று. முதலில் அவவுக்கு எரிச்சல். "என்ன மோனை, பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கிறாய்?" என்றா. போன கிழமை நான் கேட்காமலே காலைத் தூக்கி வைத்து, கைத்தொலைபேசியை அதற்கு நேரே பிடித்துக்கொண்டு, "வடிவாய்ப் பார், எனக்குத் தெரியேல்லை" என்றா. பார்த்தேன். குதிக்காலில் ஒரு சின்ன வெடிப்பு. வேறொன்றும் இல்லை.